கை நனைக்காத பதினெட்டுப் பேர்

இரண்டாயிரங்களின் பின்பாதியில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பைப் கடை ஒன்றின் மாடியில் இயங்கிய தொண்டு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் ஆவண அலுவலர் என்று பதவி கொடுத்திருந்தார்கள். எரியோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, பயிற்சிகள் நடப்பதற்கு முன்பே அவை சிறப்பாக நடந்து முடிந்ததாக அறிக்கை எழுதுவதுதான் வேலை. ஊரில் அம்மா எல்லாரிடமும் மகள் ஆபீசர் என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் டைரக்டருக்குப் பன்னாட்டுச் சட்டத்தின் மேல் ஆசை வந்தது. நிறுவனத்தை நடத்துபவரை நாங்கள் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். எதையும் வேண்டுமென்றே தப்பாகச் செய்யமாட்டார், அவசரத்தில்தான் செய்வார். அப்போது உலக நாடுகள் கூடிப் பழங்குடி மக்களின் உரிமைகளுக்காக நாற்பத்தாறு பிரிவுகளில் ஒரு பிரகடனம் நிறைவேற்றியிருந்தன. சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போனவர் அதன் நகலோடு திரும்பி வந்து என் மேசையில் வைத்தார். இதைத் தமிழாக்கி, மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பு ஒன்றுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்துவிட வேண்டும் என்றார். நாற்பத்தாறையும் ஒரே நாளிலா என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது, பின்னால் பதினாறு என்றார்.

என்னைப் படுத்தி எடுத்தது அதில் ஒரே ஒரு தொடர். பழங்குடிகளின் நிலத்திலோ பிழைப்பிலோ கை வைக்கும் எதற்கும் அவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். அது மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியதாக இருக்கக் கூடாது. காரியம் தொடங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். என்ன ஏது என்று முழுவதும் தெரிந்துகொண்டு அவர்கள் தந்ததாக இருக்க வேண்டும். இத்தனையையும் ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் அடக்கியிருந்தார்கள். பதினொரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ‘சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அன்று முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை, அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிக் காட்டினேன். முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், இம்புட்டையும் கேட்டுக்கிட்டு எவன் சம்மதம் குடுப்பான் என்றார். எங்கள் முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் இறங்கிய பிறகுதான் அதன் விலை எங்களுக்குத் தெரியவரும். முன்கூட்டிய என்ற சொல்லின் அருமை அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி என்றால் வருகைப் பதிவேடு உண்டு. அதில் கையெழுத்தைக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால், சாப்பிட்ட கையோடு பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் காலையில் ஆள் உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுவோம். அதோடு, அடியில் இரண்டு வெள்ளைத் தாளிலும் வாங்கிக்கொள்வோம். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, எங்களுக்கே தெரியாது. பின்னால் ஏதாவது கடிதம், தீர்மானம், நன்றி அறிவிப்பு தேவைப்பட்டால் மேலே அச்சடித்துக்கொள்ளலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டேன். கையெழுத்துத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகைகளையும் தாளின் கீழ்ப்பாதியில் வைக்கச் சொல்ல வேண்டும், மேலே இடம் வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இந்தப் பயிற்சியின் வெள்ளைத் தாளுக்கு மட்டும் எதற்கு என்பது எனக்குத் தெரியும். டைரக்டர் ஒரு வெளிநாட்டு அமைப்பிடம் தேனீப் பெட்டிகளுக்கு விண்ணப்பித்திருந்தார். குடியிருப்புக்கு நாற்பது பெட்டி. அதற்கு அந்த மக்களின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்தேன். பெட்டித் தேனீ வளர்க்க விரும்புகிறோம் என்று முதல் வரி. இனிமேல் தேன், கல்பாசி, கடுக்காய் எடுக்க மலைக்குப் போகமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம் என்று இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியைப் பணம் கொடுப்பவர்கள் கேட்டார்களா, கனமாக இருக்கட்டும் என்று டைரக்டரே சேர்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது நான் கேட்கவும் இல்லை. இந்தச் சம்மதம் எப்படிப்பட்டது என்று காட்ட, என் அருமைத் தொடரைக் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன். பிரமாதம்மா என்றார்.

பயிற்சியை சர்ச் வளாகத்தில் ஒரு ஹாலில் வைத்தோம். கல்யாணம் இல்லாத நாளில் வாடகைக்கு விடுவார்கள். பத்து மணிக்குப் பதினெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். நான் வாசலிலேயே ஸ்டாம்ப் பேடோடு நின்று பதிவேட்டில் ஒன்று, வெள்ளைத் தாளில் இரண்டு என்று ஆளுக்கு மூன்று ரேகை வாங்கினேன். கையெழுத்துப் போடத் தெரிந்த நாலு பேரிடமும் ரேகையே வாங்கினேன். ஒரே மாதிரி இருந்தால் அறிக்கைக்கு அழகு என்பது டைரக்டரின் கருத்து. டிரைவர் தாள்களை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பத்தரைக்குள் என் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

வந்தவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த துணிப்பையில் வேறொரு நிறுவனத்தின் காளான் வளர்ப்புப் பயிற்சி விளம்பரம் அச்சாகியிருந்தது. மெழுகுவத்தி, ஊறுகாய், சுகாதாரம், எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று எங்களைவிட அதிகப் பயிற்சிகளைப் பார்த்தவர். எங்களைப் போன்ற எல்லா நிறுவனங்களையும் கம்பெனி என்றே சொன்னார். டைரக்டர் வரவேற்புரை முடித்துவிட்டு நேராகப் பிரிவு ஒன்றுக்குப் போகப் பார்த்தபோது, இப்ப டீ குடுக்கணும் சார், பெறகுதான் குழு பிரிக்கணும் என்று நினைவூட்டினார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது, டீயும் தயாராக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு என் முறை வந்தது. நான் நன்றாகப் பேசினேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. காலம்காலமாகப் புழங்கிவரும் நிலமும் அதில் விளைவதும் உங்கள் உரிமை என்ற இருபத்தாறாம் பிரிவை விளக்கினேன். பிறகு என் தொடருக்கு வந்தேன். முதலில் சொல்ல வேண்டும், பிறகு நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கை நீட்ட வேண்டும், உலகத்தில் எந்த ராஜாவாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று முழங்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே லேசாகக் கண் கலங்கியது.

மின்விசிறிக்குக் கீழே இருந்த அக்கா கையைத் தூக்கினார்.

“டீச்சர், காலைல ரெண்டு வெள்ளத்தாள்ல ரேக வாங்குனீகளே. அதுல என்ன எழுதப் போறீக?”

நான் டீச்சர் இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது கேள்விக்குப் பதில் இல்லை. டைரக்டர் எழுந்து, அது ஒரு சம்பிரதாயம்தான், எல்லாப் பயிற்சியிலும் வாங்குவதுதான் என்றார். அக்கா அதை ஒத்துக்கொண்டார். ஆமா, மெழுகுவத்திக் கம்பெனியும் வாங்கியது, அதில் நாங்கள் எல்லாரும் மெழுகுவத்தி செய்யப் படித்துவிட்டோம் என்று எழுதியிருந்ததாம், இன்றுவரை ஒரு மெழுகுவத்தியைக்கூட நாங்கள் ஊற்றிப் பார்த்ததில்லை என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். பதினேழு பேரும் சிரித்தார்கள், டைரக்டரும் நாகரிகத்துக்காகக் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், அப்ப அந்த ரெண்டு தாளையும் குடுத்துருங்க என்றார் அக்கா.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று டைரக்டர் சொன்னார். எங்கள் தொழிலில் எந்தச் சிக்கலையும் சாப்பாடு தீர்த்துவைக்கும். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அக்காதான் காரணம் சொன்னார்.

“ஒங்க ஊர்கள்ல பொண்ணு பாக்கப் போனா, பேச்சு முடியாம கை நனைக்க மாட்டீகள்ல. நாங்களும் முடியட்டும்னு இருக்கோம்.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் காபி, பஜ்ஜி வரைக்கும் போவார்கள், சோறு சாப்பிடமாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். என்னைப் பார்க்க வந்த மூன்று கூட்டம் இப்படிக் கை நனைக்காமல் எழுந்து போயிருக்கிறது. அதன் கனம் எனக்குத் தெரியும். கீழே தோப்புகளில் எலுமிச்சை பறிக்கவும் புளி உலுக்கவும் வந்து போகிறவர்கள் இதையெல்லாம் பார்த்து வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

நிலைமை மோசமானது. சமையல்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து, வெஞ்சனமெல்லாம் ஆறிப்போகுது, பெறகு ருசி இல்லைன்னு என்னையச் சொல்லக் கூடாது என்றார். பயனாளிகள் மகிழ்ச்சியோடு உணவருந்தும் படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரர் காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறிக்கையில் அந்தப் படத்தின் கீழே வர வேண்டிய வாசகத்தை நான் முந்தின நாளே எழுதி முடித்திருந்தேன். டைரக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“ஆபீசுல வேற ஊர்க்காரங்க ரேகை வச்ச வெள்ளத்தாள் கெடக்கும்ல, அதுல ரெண்டு எடுத்துட்டு வாம்மா, இவங்ககிட்ட குடுத்துருவோம். எது யாரு ரேகைன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

சரி சார் என்றுதான் சொன்னேன். ஆட்டோவில் ஏறும்போது அதைத்தான் செய்வதாகவும் இருந்தேன். இதில் என்ன இருக்கிறது, பெட்டி வந்தால் அவர்களுக்குத்தானே நல்லது என்று ரயில்வே கேட் மூடிக் கிடந்த நேரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அக்கா மேல் எரிச்சலாக வந்தது. நான் அவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்ததை எனக்கு எதிராகவே எடுத்துக்கொண்டாரே என்று இருந்தது.

ஆபீசில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். தாள் வந்தவுடன் அடித்துவிடு என்று முந்தின நாள் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ரேகையில் எழுத்து படாமல் தமிழை ஒரு தாளிலும் ஆங்கிலத்தை ஒரு தாளிலும் சரியாக இடம் விட்டு அடித்துவிட்டேன் அக்கா என்றாள். வாங்கிப் பார்த்தேன். தேன் எடுக்க மலைக்குப் போகமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். இதை எங்கள் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதலோடு தெரிவிக்கிறோம். கீழே ஊதா நிறத்தில் பதினெட்டு ரேகைகள். அச்சு மிகத் தெளிவாக இருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மலைக்குப் போகாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பெட்டியில் தேன் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும், அதுவரைக்கும் என்ன, கடுக்காய்க்கும் கல்பாசிக்கும் எந்தப் பெட்டி என்று எதுவும் எனக்குத் தெரியாது. நாளைக்கு மலைப்பாதையில் அவர்களை யாராவது மறித்து, நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று இந்தத் தாளைக் காட்டினால், அதற்கு அடியில் இருப்பது அவர்கள் ரேகை, மேலே இருப்பது என் தமிழ். அலமாரியில் வேற்றூர்த் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. நான் அதைத் திறக்கவில்லை. அடித்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பினேன்.

ஹாலுக்குள் நுழைந்து, டைரக்டர் பக்கம் திரும்பாமல், இதுதான் அந்தத் தாள், இதில் இருப்பதை வாசிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். திரும்பியிருந்தால் வாசித்திருக்கமாட்டேன். முதல் தடவை வேகமாக வாசித்தேன். மெதுவா வாசிங்க என்றார்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். என் புகழ்பெற்ற கடைசி வரியையும் விடாமல் வாசித்தேன். டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, திட்டம் நல்ல திட்டம் என்றார்.

அக்கா என்னைத்தான் கேட்டார். அந்த மலைக்குப் போகமாட்டோம் என்ற வரியை எடுத்துவிட்டால் பெட்டி வருமா, வராதா? டைரக்டர் கஷ்டம் என்றார். வராது அக்கா என்றேன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் நேரான பதில் அது.

அவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஏதோ எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்று எழுந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வயதான ஒருவர், முழங்கால் போய் இரண்டு வருடமாக மலை ஏற முடியாதவர், எனக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு பெண் பாதி வரியை மட்டும் ஒத்துக்கொள்ளலாமே, தேனை விட்டுவிட்டுக் கல்பாசியை வைத்துக்கொள்ளலாமே என்றாள். கேள்வி மேல் கேள்வியாக என்னிடம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் டைரக்டரைக் கேட்டேன், அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நானும் அந்தத் திட்டத்தை முழுதாகத் தெரிந்துகொண்டேன். கடைசியில் பெரியவர் முனகிக்கொண்டே, சரி, எல்லாரும் ஒண்ணா இருங்க, என் முழங்காலுக்கு நான் வேற பாத்துக்கிறேன் என்று விட்டுக்கொடுத்தார். அக்கா டைரக்டர் பக்கம் திரும்பினார்.

“வேண்டாம் சார். பொட்டியும் வேண்டாம், அந்த வரியும் வேண்டாம்.”

டைரக்டர் கோபப்படாமல், அப்படியென்றால் அதை எழுதிக் கொடுங்கள், மேலிடத்துக்கு நான் எதையாவது காட்ட வேண்டுமே என்று கேட்டார். அவரை நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா, அது இந்த இடத்துக்காகத்தான். புதுத்தாளில் நானே கையால் எழுதினேன். நாலு வரி. தேனீப் பெட்டித் திட்டம் எங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நாங்கள் கூடிப் பேசினோம். எங்களுக்கு அது வேண்டாம். நாங்கள் மலைக்குப் போவோம். இரண்டு தடவை வாசித்தேன். அதற்குப் பிறகு ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். எழுதத் தெரிந்த நாலு பேர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா ரேகை வைக்கக் குனிந்தபோது டைரக்டரின் கை, அதுபாட்டுக்கு, ஒரு வெள்ளைத் தாளை அடியில் நகர்த்தியது. அக்கா அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். சாரி, பழக்கம் என்று சொல்லி அவர் அதை உருவிக்கொண்டார்.

காலையில் வாங்கிய இரண்டு தாளையும் அக்கா துண்டு துண்டாகக் கிழித்துத் தன் காளான் பைக்குள் போட்டுக்கொண்டார். ஹால் குப்பைத் தொட்டியை நம்பவில்லை போலிருக்கிறது.

மணி நாலு ஆகிவிட்டது. பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. இவர்கள் சாப்பிடாமல்தான் போகப் போகிறார்கள், இவ்வளவு சோற்றையும் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, பதினெட்டுப் பேரும் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே அக்கா என்று கேட்டே விட்டேன்.

“பேச்சு முடிஞ்சிருச்சுல்ல டீச்சர். சம்மதம்னு சொன்னாத்தான் சோறு போடுவீகளா?”

சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன். நாற்பத்தாறு பிரிவையும் தமிழாக்கியவள் நான். சம்மதம் வாங்குவது எப்படி என்று பதினொரு நாள் யோசித்தவள். எதிரில் இருப்பவர் முடியாது என்று சொன்னால் அவரை என்ன செய்வது என்று ஒரு நாள்கூட யோசித்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டவர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். டைரக்டரும் ஓரமாக ஒரு இலை போடச் சொல்லி உட்கார்ந்தார், அவருக்கும் சாம்பார் ஊற்றினேன்.